தீபாவளிக்கு முன்பா, பின்பா? ஒரு பல்பொருள் அங்காடியின் பில்லிங் மாற்றம்

பின்னணி

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். தந்தை காலத்தில் பலசரக்குக் கடையாக இருந்ததை அண்ணனும் தம்பியும் இரண்டு தளப் பல்பொருள் அங்காடியாக வளர்த்திருக்கிறார்கள். கீழே மளிகை, மேலே பாத்திரங்களும் பிளாஸ்டிக் சாமான்களும். நான்கு பில்லிங் கவுன்டர்களில் மூன்று சில்லறை விற்பனைக்கு. நான்காவது கவுன்டர் உணவகங்கள், மாணவர் விடுதிகள், கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரர்கள் ஆகியோரின் கடன் கணக்குக்கு. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டும். அந்தக் கடையின் வரிக் கணக்கைக் கவனிப்பவன் நான். பழைய பில்லிங் அமைப்பை எப்போது மாற்றுவது என்ற கேள்வி 2025-ஆம் ஆண்டின் பாதியை எப்படிப் பிடித்துக்கொண்டது என்பதை, சகோதரர்கள் இருவரின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு இங்கே பதிவு செய்கிறேன்.

மென்பொருள் 2009-இல் எழுதப்பட்டது. திருச்சியில் தனியாகத் தொழில் செய்த ஒரு புரோகிராமர் அதை விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்தார். அந்த மொழிக்கு இனிப் புதிய பதிப்பு வராது என்று மைக்ரோசாஃப்ட் 2007-லேயே சொல்லிவிட்டது. 2015 ஜனவரியில் ஆதரவும் நின்றது. ஆனாலும் மென்பொருள் உழைத்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அதே புரோகிராமர் இரண்டு வாரம் கடையிலேயே உட்கார்ந்து அதைத் திருத்திக் கொடுத்தார். ஃபாக்ஸ்புரோவில் ஓர் அட்டவணைக் கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளர முடியாது. அதனால் ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் புதிய கோப்புறை தொடங்கி, பொருள் பட்டியலையும் கடன் பாக்கியையும் அதில் நகலெடுத்துக்கொள்வது வழக்கம். புரோகிராமர் இப்போது வேறு வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கிடைப்பார்.

ஜூன் 7

சம்பள வாரம், சனிக்கிழமை, பக்ரீத் மூன்றும் ஒன்றாக வந்த நாள். மாலையில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது. சர்வரின் யு.பி.எஸ். தாங்கவில்லை. கணினி மீண்டும் உயிர்பெற்றபோது எந்தப் பார்கோடை ஸ்கேன் செய்தாலும் “பொருள் இல்லை” என்றே வந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கையால் பில் எழுதினார்கள். மேல் தளத்து வாடிக்கையாளர்கள் பலர் சாமான்களைக் கூடையோடு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். புரோகிராமர் தொலைபேசியில் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல, கணக்கர், பொருளைத் தேடி எடுக்க உதவும் இண்டெக்ஸ் கோப்புகளை அழித்து மறுபடி உருவாக்கினார். தரவு எதுவும் போகவில்லை.

அந்த இரவே தம்பி இரண்டு நிறுவனங்களிடம் புதிய மென்பொருளுக்கு விலை கேட்டுவிட்டார். அண்ணனோ, “பதினாறு வருஷத்தில் ஒரு நாள் நின்றிருக்கிறது. அதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டுமா?” என்று கேட்டார். இரண்டு பேரும் என்னைக் கூப்பிட்டார்கள்.

கவனித்தவை

ஒரு நாள் நின்றது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் ஒரே கருத்து. யு.பி.எஸ். பேட்டரியை மாற்றினால் அந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும். நான் பார்க்க விரும்பியது வேறு: மென்பொருள் செய்ய வேண்டிய வேலையில் எவ்வளவை மனிதர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்?

முதல் கவுன்டரில் பதினைந்து ஆண்டுகளாக ஒரு பெண்மணி இருக்கிறார். கடையில் எல்லோருக்கும் அக்கா. அவருடைய விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு நூறு பக்க நோட்டு, மூலைகள் சுருண்டு, நூலில் பேனா கட்டித் தொங்குகிறது. அதில் பொருளின் பெயர், ஒரு விலை, ஒரு நான்கு இலக்க எண் என்று வரிசை வரிசையாக எழுதப்பட்டிருந்தது. காரணம் எளிது. ஒரே பார்கோடில் பழைய எம்.ஆர்.பி. சரக்கும் புதிய எம்.ஆர்.பி. சரக்கும் ஒரே நேரத்தில் அடுக்கில் இருக்கும். பழைய மென்பொருளுக்கு ஒரு குறியீட்டுக்கு ஒரு விலைதான் தெரியும். எனவே ஸ்கேன் செய்யாமல், அந்த விலைக்கென்று உருவாக்கிய மாற்று எண்ணை நோட்டைப் பார்த்து அடிக்க வேண்டும். 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு குறிப்பிட்ட அரை லிட்டர் பாக்கெட்டுக்கு மட்டும் நோட்டில் மூன்று எண்கள் இருந்தன. மற்ற கவுன்டர்காரர்கள் சந்தேகம் வந்தால், “அக்கா, எண்ணெய் எந்த நம்பர்?” என்று குரல் கொடுப்பார்கள். அவர் விடுப்பு எடுக்கும் நாளில் நோட்டு இரண்டாவது கவுன்டருக்குப் போகும்.

அடுத்தது மின் விலைப்பட்டியல். 2023 ஆகஸ்ட் 1 முதல், 5 கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வாடிக்கையாளர்களுக்குப் போடும் பில்லை அரசு இணையதளத்தில் பதிந்து, எண்ணும் கியூ.ஆர். குறியீடும் பெற வேண்டும். பழைய மென்பொருளால் இது முடியாது. கணக்கர் நான்காவது கவுன்டரின் பில்களைத் தினமும் மறுபடி தட்டச்சு செய்து, வரும் தாளை அச்சிட்டு, பில்லோடு பின் அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளாக இதை யாரும் ஒரு குறையாகவே சொல்லவில்லை. வேலை என்று பழகிவிட்டது.

இருப்புக் கணக்கை ஒருவரும் நம்பவில்லை. தளத்தில் நிற்கும் பையன் அடுக்கைப் பார்த்துச் சொல்வதுதான் கொள்முதல்.

இவை எல்லாவற்றையும் விடக் கவலை தந்தது பேக்கப். ஒவ்வொரு இரவும் கடை மூடும்போது ஒரு குறுக்குவழியை அழுத்தினால் தரவு பென் டிரைவில் பதியும். அதைக் கல்லாப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். ஒழுங்காகத்தான் செய்துவந்தார்கள். வேறொரு கணினியில் அதை மீட்டுப் பார்த்தபோது மார்ச் 31-ஆம் தேதியோடு எல்லாம் நின்றிருந்தது. ஏப்ரல் 1-ஆம் தேதி புதிய கோப்புறை தொடங்கியவர்கள், பேக்கப் எடுக்கும் கட்டளையில் கோப்புறையின் பெயரை மாற்ற மறந்திருக்கிறார்கள். நகலெடுக்கும் பட்டை தினமும் திரையில் ஓடியது. “முடிந்தது” என்றும் வந்தது. நகலானது போன ஆண்டின் தரவு. ஜூன் 7 அன்று வன்தட்டு போயிருந்தால் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட கடன் கணக்கு போயிருக்கும்.

இதைப் பார்த்த பிறகு அண்ணன் மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டார். எப்போது என்பதுதான் பாக்கி.

ஜூலை இறுதியில் எடுத்த முடிவு

விலை சொன்னவர்களில் ஒருவர் தீபாவளிக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிகிறது, தீபாவளி அக்டோபர் 20, அதற்குள் மாற்றாவிட்டால் ஆபத்து என்பது அவர் வாதம். தேதி சரிதான். ஆனால் இந்தக் கடையில் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 7. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆதரவில்லாமல் ஓடுகிற கணினிக்கு, அதில் இல்லாத ஒரு பதிப்பின் கடைசித் தேதி எப்படிக் கெடுவாகும்? இனி வாங்குவது விண்டோஸ் 11 ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர, அந்தத் தேதி கடையைக் கட்டுப்படுத்தவில்லை.

கணக்கு எழுதுகிறவனுக்கு ஏப்ரல் 1 போல வசதியான நாள் இல்லை. ஆரம்ப இருப்பு, புதிய பில் வரிசை, பழைய ஆண்டை அப்படியே மூடி வைக்கலாம். ஆனால் அதற்குள் டெல்டாவின் வடகிழக்குப் பருவமழையையும் பொங்கல் கூட்டத்தையும் அந்தப் பழைய சர்வரோடு கடக்க வேண்டும். தம்பி சொன்ன ஆடி மாதத்துக்கோ பட்டியலைச் சரிசெய்யவே நேரம் போதாது. சுமார் 9,000 பொருள்கள் இருந்த பட்டியலில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்பதே தெரியாத நிலை.

கடைசியில் கடையின் சொந்த நாட்காட்டியை வைத்து முடிவு செய்தோம். தீபாவளிக்குப் பின், மார்கழிக்கு முன். மார்கழியில் புதிதாக எதையும் தொடங்க அண்ணன் சம்மதிக்க மாட்டார். அந்த இடைவெளியிலும் ஒவ்வொரு மாதத்தின் முதல் பத்து நாட்கள் சம்பளக் கூட்டம். டிசம்பர் 3 கார்த்திகை தீபம். இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது நவம்பரின் நடுவும் கடைசியும்தான். நவம்பர் 12 நான்காவது கவுன்டர் மட்டும், நவம்பர் 26 மற்ற மூன்றும். இரண்டும் புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பது அண்ணனுக்கு. புதன் வாரத்திலேயே கூட்டம் குறைந்த நாள் என்பது எனக்கு.

அதுவரை பழையதைப் பத்திரமாக ஓட்டுவதற்கும் ஏற்பாடு செய்தோம். பேக்கப் கட்டளை திருத்தப்பட்டது. ஞாயிறுதோறும் உபரிக் கணினி ஒன்றில் மீட்டு, நேற்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது கணக்கரின் பொறுப்பாயிற்று. சில்லறைக் கவுன்டர்களிலிருந்து இணையம் துண்டிக்கப்பட்டது. சர்வருக்குப் புதிய பேட்டரி. புரோகிராமருக்கு டிசம்பர் வரை மாதம் ஒரு தொகை பேசினோம். அவர் அதை மறுக்கவுமில்லை, அதிகம் கேட்கவுமில்லை.

செப்டம்பர் 22

திட்டத்தில் இல்லாதது செப்டம்பர் 3 இரவு வந்தது. ஜி.எஸ்.டி. கவுன்சில் 12, 28 சதவீத அடுக்குகளை நீக்கியது. புதிய விகிதங்கள் செப்டம்பர் 22 முதல். கடையின் பொருள்களில் பெரும்பகுதிக்கு வரி மாறுகிறது.

மறுநாள் உபரிக் கணினியில் ஒரு சோதனை செய்தோம். ஒரு பற்பசையின் வரியை 18-லிருந்து 5 ஆக மாற்றிவிட்டு, ஆகஸ்ட் மாத வரி அறிக்கையை எடுத்தோம். ஆகஸ்டில் விற்ற பற்பசைக்கும் 5 சதவீதம் என்றே வந்தது. பில்லில் விற்ற விலைதான் பதிவாகியிருக்கிறது. வரி விகிதத்தை அறிக்கை எடுக்கும் நேரத்தில் பொருள் பட்டியலிலிருந்து மென்பொருள் படித்துக்கொள்கிறது. 2017 நவம்பரில் பல பொருள்களுக்கு வரி குறைந்தபோதும் இது நடந்திருக்க வேண்டும். அந்த மாதக் கணக்கை அப்போதைய கணக்கர் கையால் பிரித்துச் சமாளித்திருப்பார் போலிருக்கிறது.

தம்பி மறுபடி கேட்டார்: “எப்படியும் மாற்றத்தானே போகிறோம், இப்போதே மாற்றினால் என்ன சார்?” நியாயமான கேள்வி. கையில் இருந்தது பதினெட்டு நாள். புதிய மென்பொருள் நிறுவனத்தின் எல்லா வாடிக்கையாளர்களும் அதே வாரத்தில் அவர்களைத் தேடுவார்கள். ஊழியர்களுக்குப் பயிற்சி இல்லை. நவராத்திரி அன்றைக்கே தொடங்குகிறது. வரி மாறுகிற நாளிலேயே மென்பொருளும் மாறினால், ஒரு பில் தவறாக வரும்போது தவறு எதில் என்று கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கடைசிக் காரணம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. நவம்பர் திட்டத்தை மாற்றவில்லை.

மாற்றாகச் செய்தது ஏப்ரல் 1 தந்திரம்தான். செப்டம்பர் 22 முதல் புதிய கோப்புறை. பழைய கோப்புறையில் பழைய வரி, புதியதில் புதிய வரி. ஒரு நிதியாண்டுக்குள் பில் எண் இரண்டு முறை வரக்கூடாது என்பதால் புதிய கோப்புறையின் பில்களுக்கு வேறு முன்னெழுத்து. விதி பல வரிசைகளை அனுமதிக்கிறது, 16 எழுத்துக்குள் இருந்தால் போதும்.

உண்மையான வேலை பட்டியலில் இருந்தது. 12 எல்லாம் 5, 18 எல்லாம் 18 என்று ஒரே அடியாக மாற்ற முடியாது. குளியல் சோப்புக் கட்டி 18-லிருந்து 5. அதற்குப் பக்கத்தில் இருக்கும் திரவக் கைகழுவி 18-லேயே. ஷாம்பு 5, துணி துவைக்கும் தூள் 18. பிஸ்கட் 18-லிருந்து 5, நெய் 12-லிருந்து 5. மேல் தளத்தில் எவர்சில்வர் பாத்திரம் 12-லிருந்து 5, அடுத்த அடுக்கின் பிளாஸ்டிக் வாளி 18. இதைக் கணினி முன் உட்கார்ந்து செய்ய முயன்ற கணக்கர் இரண்டாம் நாளே திணறினார். அடுக்குகளைக் கவனிக்கும் பெண்களிடம் அந்தந்தப் பகுதியின் பட்டியலை அச்சிட்டுக் கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. “இது இரண்டு வருஷமாக வருவதே இல்லை” என்று அவர்கள் அடித்துத் தள்ளிய வரிகளே ஆயிரக்கணக்கில். 9,000 என்பது 5,000 சொச்சமாகச் சுருங்கியது. ஒவ்வொன்றுக்கும், வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ்.என். குறியீடும் வரியும் சரிபார்த்து ஒரு விரிதாளில் ஏறின. நவம்பருக்கென்று ஒத்திவைத்திருந்த வேலை, அரசு அறிவிப்பால் செப்டம்பரிலேயே முடிந்தது.

செப்டம்பர் 21 ஞாயிறு, மகாளய அமாவாசை. காலையில் நல்ல கூட்டம். இரவு எட்டு மணிக்குக் கடையை மூடி, கோப்புறையைப் பிரித்து, மாதிரி பில்கள் போட்டு முடிக்க நள்ளிரவு தாண்டியது. திங்கட்கிழமை சில பொருள்கள் தப்பாக வந்தன. திரவக் கைகழுவி ஒன்று கட்டி சோப்போடு சேர்ந்து 5-க்குப் போயிருந்தது. அன்றைக்கே திருத்தினார்கள். அக்காவின் நோட்டு மட்டும் நிரம்பி, இரண்டாவது நோட்டு வந்தது. நிறுவனங்கள் புதிய விலையை ஒவ்வொரு நாளாக அறிவித்தன. பழைய எம்.ஆர்.பி. அச்சிட்ட சரக்கையும் குறைந்த விலையில் விற்க வேண்டும். ஒரு குறியீட்டுக்கு ஒரு விலை என்ற கட்டமைப்பு இதற்கு மேல் தாங்காது என்பதை அண்ணன் அந்த வாரத்தில் தன் கண்ணாலேயே பார்த்தார்.

மாற்றம் நடந்த நாட்கள்

நவம்பர் 12 அன்று நான்காவது கவுன்டர் மாறியது. பில் எண்ணிக்கை குறைவு, மின் விலைப்பட்டியல் சுமை அங்கேதான் அதிகம் என்பதால் அதை முதலில் வைத்தோம். கடன் பாக்கிகளை ஏற்றியதும், கணக்கர் பேரேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். சமையல் ஒப்பந்தக்காரர் ஒருவர் கல்யாணத்துக்காக முன்பணம் கட்டியிருந்தார். புதிய மென்பொருளில் அவர் அதே தொகையைக் கடைக்குத் தர வேண்டியவராக இருந்தார். முன்பணம் வைத்திருந்த எல்லோருக்கும் கூட்டல், கழித்தல் குறி தலைகீழாகியிருந்தது. பாக்கிச் சீட்டு யாருக்கும் போவதற்குள் கண்டுபிடித்ததால் கடையின் பெயர் கெடவில்லை.

நவம்பர் 25 இரவு கீழ்த்தளத்தில் மட்டும் இருப்பு எடுத்தார்கள். மேல் தளத்தை அடுத்த வாரத்துக்கு விட்டோம். 26 காலை மூன்று கவுன்டர்களும் புதியதற்கு மாறின.

முதல் இரண்டு நாட்கள் பழையதை விட மெதுவாகவே நடந்தது. இதை விற்பனையாளர்கள் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அக்கா பழைய திரையில் சுட்டெலியைத் தொட்டதே இல்லை. துவரம் பருப்புக்கு 112, பொன்னி அரிசிக்கு ஒரு எண், வெல்லத்துக்கு ஒரு எண் என்று திரையைப் பார்க்காமலே அடிப்பார். புதிய மென்பொருளில் பெயரைத் தேடி, பட்டியலில் தேர்ந்தெடுத்து, எடையைத் தட்டி, ஒவ்வொரு பில்லுக்கும் “அச்சிடலாமா?” என்ற கேள்விக்கு வேறு பதில் சொல்ல வேண்டும். வரிசை வாசல் வரை போனது. மாலையில் அவர் கேட்டது ஒன்றுதான்: “என் நம்பரை எனக்குத் திருப்பிக் கொடுங்கள் சார்.” மூன்றாம் நாள் காலை பழைய சுருக்க எண்கள் முழுவதும் புதிய பட்டியலில் ஏறின. அந்தக் கேள்விப் பெட்டியும் நீக்கப்பட்டது. வரிசை குறைந்தது.

29-ஆம் தேதி டித்வா புயலின் மழை. மின்சாரம் போய்ப் போய் வந்தது. சர்வர் ஒரு கட்டத்தில் அணைந்தது. கவுன்டர்கள் தங்களிடமே பில்களைச் சேமித்துக்கொண்டு தொடர்ந்தன, சர்வர் திரும்பியதும் அனுப்பின. மூன்றாவது கவுன்டரின் பேட்டரி தீர்ந்ததால் அதன் பில்கள் மறுநாள்தான் சேர்ந்தன. கவுன்டருக்கு ஒரு முன்னெழுத்து வைத்திருந்ததால் எண் குழப்பம் வரவில்லை.

பின்விளைவுகள்

நவம்பர் மாத விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1 அறிக்கையை இரண்டு அமைப்புகளிலிருந்தும் எடுத்துக் கூட்டி, டிசம்பர் 11-ஆம் தேதிக் கெடுவுக்கு ஒரு நாள் முன்பு தாக்கல் செய்தோம். செப்டம்பரில் இரண்டு கோப்புறைகளைக் கூட்டிய பழக்கம் உதவியது. கணக்கரின் மறுதட்டச்சு வேலை நின்றது. ஒரே பார்கோடில் இரண்டு எம்.ஆர்.பி. இருந்தால் திரை எது என்று கேட்கிறது. அக்காவின் நோட்டு கவுன்டரிலிருந்து போய்விட்டது. பொங்கல் கூட்டம் புதிய அமைப்பிலேயே நடந்தது.

ஒரு புகார் மட்டும் எதிர்பாராதது. தெர்மல் பிரிண்டரின் பில் சில வாரங்களில் மங்கிவிடுகிறது, மாதக் கணக்கை நேர்செய்ய முடியவில்லை என்று ஒரு விடுதிப் பொறுப்பாளர் சொன்னார். நான்காவது கவுன்டருக்கு மட்டும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை மறுபடி மாட்டினார்கள். புதிய கணினியில் அதற்கான பழைய இணைப்பு இல்லாததால் ஒரு மாற்றி வாங்க வேண்டியிருந்தது. இருப்புக் கணக்கு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. மேல் தளத்தின் எண்ணிக்கை முடிய ஜனவரி ஆயிற்று, அதற்குள் கீழ்த்தளத்தில் வித்தியாசம் சேர்ந்துவிட்டது.

செலவு கணினிகள், பிரிண்டர்கள், உரிமம் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் ரூபாய் அளவில். அது போக ஆண்டுச் சந்தா. பழைய மென்பொருளுக்கு அப்படி எதுவும் கட்டியதில்லை என்பதை அண்ணன் மாதம் ஒரு முறையாவது நினைவூட்டுகிறார்.

மறுபடி செய்வதானால்

மாற்றத்துக்கான நாள் 2023 ஆகஸ்ட் 1-க்குப் பிறகே வந்துவிட்டது. ஒரே பில்லை இரண்டு இடத்தில் தட்டச்சு செய்யத் தொடங்கிய மாதத்தில் முடிவெடுத்திருந்தால், 2024-இன் கோடையிலோ கார்த்திகையிலோ அவசரமின்றி முடிந்திருக்கும். வரி மாற்றம் புதிய அமைப்பில் ஒரு மாலை வேலையாகப் போயிருக்கும். பொருள் பட்டியலைச் சுத்தம் செய்ய மென்பொருள் வாங்கும் வரை காத்திருக்கத் தேவையே இல்லை. அடுக்கில் நிற்பவர்களின் கையில் ஆண்டுக்கு ஒரு முறை பட்டியலைக் கொடுத்தால் போதும். கவுன்டர் ஊழியர்களை விலை பேசும் கட்டத்திலேயே செயல்விளக்கத்துக்கு உட்கார வைத்திருந்தால் சுருக்க எண் விவகாரம் முதல் நாளே தெரிந்திருக்கும். அன்று உட்கார்ந்தவர்கள் அண்ணனும் தம்பியும் நானும். நாங்கள் மூவரும் பில் போடுகிறவர்கள் அல்ல.

பழைய கணினி ஒன்று எல்லா ஆண்டுக் கோப்புறைகளோடும், இணையமின்றி, கணக்கறையில் இருக்கிறது. ஆண்டறிக்கைக் கெடுவிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். அதே வன்தட்டின் நகல் ஒன்று தம்பியின் வீட்டில் இருக்கிறது.

புதிய ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி வாங்கினோம்: பொருள் பட்டியல், விற்பனை, கடன் பாக்கி மூன்றையும் கடைக்காரர் எப்போது வேண்டுமானாலும் விரிதாளாகத் தரவிறக்கிக்கொள்ளலாம், சந்தா நின்றாலும் 90 நாட்கள் வரை. விற்பனையாளர் முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். மாதத்தின் கடைசி நாளன்று கணக்கர் அதைத் தரவிறக்கி, திறந்து, கடைசி பில் எண்ணைக் கவுன்டரில் உள்ளதோடு ஒப்பிட்டு, தேதி போட்டுக் கையெழுத்திடுகிறார். பிப்ரவரி மாதத் தரவிறக்கத்தில் கடன் பாக்கித் தாள் காலியாக வந்தது. நிறுவனத்திடம் சொல்லித் திருத்தி வாங்கியிருக்கிறார்கள்.